குரொரெகிஷி: நினைத்தாலே முகத்தை மூடிக்கொள்ளவைக்கும் பழைய 'நான்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய மொழி படிப்பவர்கள், படித்துவிட்டு அங்கே வேலைக்குப் போனவர்கள், மொழியே படிக்காமல் அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன்களை மட்டும் பார்ப்பவர்கள் என்று எல்லாத் தரப்பினரும் என்னிடம் சுற்றிச்சுற்றிக் கேட்பது இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான். பாடப்புத்தகத்தில் இது வராது. ஆனால் சக ஊழியர்களோடு ஒருநாள் மாலை உட்கார்ந்து பேசினால் வந்துவிடும். ஆளுக்கொரு பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

குரொரெகிஷி என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒருவர் தன் வாழ்க்கையில் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ள விரும்பும் பழைய காரியம். பெரும்பாலும் சின்ன வயதுக் காரியம். பதின்மூன்று வயதில் எழுதிய காதல் கவிதை, தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டப்பெயர், யாரோ ஒரு பாடகரைப் போல வெட்டிக்கொண்ட தலைமுடி. அன்று பெருமையோடு செய்தது, இன்று உடம்பைக் கூசவைப்பது.

பேச்சில் இப்படி வரும்: 'அரெ வா ஓரெ நோ குரொரெகிஷி தா', அதாவது அது என்னுடைய குரொரெகிஷி. அடுத்த வாக்கியம் பெரும்பாலும் 'வாசுரெத்தெ குரெ', மறந்துவிடு. இதைக் கிளறி எடுப்பதற்கு 'ஹொரிகாஎசு' என்பார்கள், தோண்டியெடுத்தல் என்று பொருள். யாருக்கும் தெரியாமல் முத்திரையிட்டு மூடிவைப்பது 'ஃபூயின்'.

எழுத்துப்படி பார்த்தால் 'கறுப்பு வரலாறு'. கறுப்பின மக்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கிடையாது. 'குரொ' கறுப்பு, 'ரெகிஷி' வரலாறு, அவ்வளவுதான். கறுப்பின மக்களின் வரலாற்றை ஜப்பானியர்கள் 'கொகுஜின்ஷி' என்பார்கள். அது முற்றிலும் வேறு சொல். அமெரிக்கர்கள் இருக்கும் இடத்தில் குரொரெகிஷியை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பேசிவிடாதீர்கள். சங்கடம் உங்களுக்குத்தான்.

ஜப்பானிய மொழியில் கறுப்பு எப்போதும் கெட்டதும் அல்ல. கராத்தேயில் 'குரொ ஒபி' என்ற கறுப்புப் பட்டை பெருமைக்குரியது, கணக்கில் 'குரொஜி' என்றால் லாபம். சுமோவில் மட்டும் 'குரொபொஷி', கறுப்பு நட்சத்திரம், தோல்வியைக் குறிக்கும்.

இது அனிமேவிலிருந்து வந்த சொல் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1999 ஏப்ரல் முதல் 2000 ஏப்ரல் வரை ஃபுஜி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'டர்ன் ஏ கண்டாம்' தொடரிலிருந்து வந்தது. இயக்குநர் யோஷியுக்கி தொமினோ. பேரளவு எந்திர மனிதர்கள் போரிடும் கண்டாம் தொடர்களில் முதலாவதை 1979இல் உருவாக்கியவரும் அவரே. அந்த முதல் தொடருக்குப் பிறகு இருபது ஆண்டுகளில் கண்டாம் என்ற பெயரில் பல தொடர்கள் வந்திருந்தன. அவற்றில் சில ஒன்றோடொன்று ஒட்டாத தனித்தனி உலகங்கள்.

டர்ன் ஏ கதையில் பூமியில் மனிதர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தது போன்ற நிலையில் வாழ்கிறார்கள். விமானம் அப்போதுதான் பறக்கத் தொடங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் நிலவில் வாழ்ந்த மக்கள் திரும்பி வருகிறார்கள். சண்டை மூண்டதும் மலைகளுக்குள் புதைந்துகிடந்த பேரளவு எந்திர மனிதர்களைத் தோண்டி எடுக்கிறார்கள். இவை எங்கிருந்து வந்தன? முன்பொரு காலத்தில் பெரும்போர்களால் நாகரிகமே அழிந்துபோயிருக்கிறது. அந்தப் போர்களின் பதிவை நிலவில் பூட்டி மறைத்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர்தான் குரொரெகிஷி. 43ஆம் பகுதியில் அந்தப் பதிவு திரையில் ஓடும்போது, தெரிவதெல்லாம் முந்தைய கண்டாம் தொடர்களின் காட்சிகள். முதல் கேள்வியில் சொன்ன தோண்டுவதும் முத்திரையிடுவதும் இந்தச் சொல்லுக்கு ஏன் இத்தனை பொருத்தமாக இருக்கின்றன என்பது இப்போது புரிந்திருக்கும்.

போர், பேரழிவு என்று இருந்த சொல் சின்ன வயது அசட்டுத்தனத்துக்கு எப்படி வந்தது?

ரசிகர்கள் செய்த வேலை. '2 சேனல்' என்ற அநாமதேயக் கருத்துக்களம் தொடங்கியதும் அதே 1999ஆம் ஆண்டு மே மாதத்தில். அங்கே கூடிய கண்டாம் ரசிகர்கள், தங்களுக்குப் பிடிக்காத தொடரையோ தயாரிப்பாளர்களே பேச விரும்பாத படைப்பையோ 'அது குரொரெகிஷி' என்று ஒதுக்கத் தொடங்கினார்கள். அதாவது, அப்படி ஒன்று வரவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து மற்ற அனிமேக்களுக்கும் வீடியோ கேம்களுக்கும் பாடகர்களின் பழைய இசைத்தட்டுகளுக்கும் பரவி, கடைசியில் பேசுபவரின் சொந்த வாழ்க்கைக்கே வந்து சேர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் தொடரின் பெயரில் உள்ள குறி, தலைகீழாகக் கவிழ்த்த 'ஏ'. கணிதத்தில் அதற்கு 'எல்லாவற்றுக்கும்' என்று பொருள். பிடித்தது, பிடிக்காதது, ஒட்டியது, ஒட்டாதது என்று எல்லாக் கண்டாம்களையும் ஒரே வரலாற்றுக்குள் இழுத்து அணைப்பதற்குத்தான் தொமினோ அந்தப் பின்புலத்தை வைத்தார். ரசிகர்கள் அதே சொல்லை எடுத்து, வேண்டாததை வெளியே தள்ளும் கருவியாக்கிக்கொண்டார்கள். எனக்கு இரண்டு பொருளும் பிடிக்கும். தொமினோவின் பொருள் பெருந்தன்மையானது, ரசிகர்களின் பொருள்தான் அன்றாடத்துக்கு உதவுவது.

நடைமுறையில் எதையெல்லாம் குரொரெகிஷி என்பார்கள்?

முதலிடம் குறிப்பேட்டுக்குத்தான். 'குரொரெகிஷி நோட்டு' என்றே பெயர் வழங்குகிறது. உள்ளே என்ன இருக்கும் என்று பார்ப்போம். முதல் பக்கத்தில் கதாநாயகனின் விவரக்குறிப்பு. பெயரில் 'இருள்', 'செந்நிறம்', 'சிறகு' போன்ற, எழுதக் கடினமான 'கான்ஜி' எழுத்துகள், அதாவது சீனத்திலிருந்து வந்தவை. அந்த எழுத்துகளின் மேல், உச்சரிப்பு வேறாக, அயல்மொழிச் சொற்களை எழுதும் கடகனா எழுத்தில் ஏதோ ஐரோப்பியப் பெயர். ஒரு கண் சிவப்பு, மற்றது நீலம். ரத்தப் பிரிவு கட்டாயம் ஏபி. ஜப்பானில் ரத்தப் பிரிவை வைத்துக் குணம் சொல்வது வழக்கம். ஏபி அரிதானது, மேதைகளுக்குரியது என்று பெயர். 'வீழ்ந்த தேவதூதன்' என்ற சொல் எங்காவது வரும். ஓரத்தில் ஒரு வாள், அதன் கைப்பிடியில் மட்டும் ஏகப்பட்ட நகாசு வேலை. இரண்டாம் அத்தியாயம் பாதியில் நிற்கும். மிச்சம் வெள்ளைத்தாள்.

பெண்கள் மட்டும் தப்பினார்களா என்ன. 2000களில் கைப்பேசித் தளங்களில் 'யுமெ ஷோசெத்சு', அதாவது கனவு நாவல், கொடிகட்டிப் பறந்தது. வாசகி தன் பெயரைத் தட்டச்சு செய்தால் கதாநாயகிக்கு அந்தப் பெயர் வந்துவிடும். பிடித்த அனிமே நாயகன் அவளைப் பெயர் சொல்லி அழைப்பான். எழுதியவர்களுக்கும் படித்தவர்களுக்கும் இன்று அதைப் பற்றிப் பேசினால் காது சிவக்கும். எழுத்துகளைத் துண்டு துண்டாக உடைத்து எழுதிய அக்காலக் குறுஞ்செய்திகளும், படமெடுத்து ஸ்டிக்கராக அச்சிட்டுத் தரும் ஒட்டுப்படச் சாவடியில் கிறுக்கிவைத்த வாசகங்களும் இந்த வகைதான்.

மேடையில் எல்லோர் முன்பும் தடுக்கி விழுந்தேன். அது என் குரொரெகிஷியா?

என் கணக்கில் இல்லை. ஜப்பானியர்கள் சிலர் இதற்கும் அந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துவார்கள், மறுக்கவில்லை. ஆனால் தடுக்கி விழுந்தது விபத்து. விழுந்தபோதே வெட்கப்பட்டீர்கள், இப்போதும் வெட்கப்படுகிறீர்கள். இடையில் எதுவும் மாறவில்லை.

அதே மேடையில், நீங்களே எழுதிய பதினைந்து நிமிடக் கவிதையைக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்து, கைதட்டல் குறைவாக இருந்ததற்குக் காரணம் மக்களின் ரசனைக்குறைவு என்று வீட்டுக்குப் போய் எழுதிவைத்திருந்தால், அதுதான் அசல் சரக்கு. அன்றைக்கு முழு மனதோடு செய்திருக்க வேண்டும், இன்றைக்கு அதைத் தாங்க முடியாமல் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் குரொரெகிஷி.

'சூனிப்யோ' என்பதும் இதுவும் ஒன்றுதானே?

ஒன்றல்ல, ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சூனிப்யோ என்றால் நடுநிலைப்பள்ளி இரண்டாம் ஆண்டு நோய். நம் கணக்கில் எட்டாம் வகுப்பு. நோய் இருக்கும்போது அது சூனிப்யோ. குணமான பிறகு திரும்பிப் பார்த்தால் குரொரெகிஷி. நோயில் இருப்பவருக்குத் தான் நோயாளி என்று தெரியாது.

இந்தச் சொல்லும் 1999ஆம் ஆண்டின் வரவுதான். டிபிஎஸ் வானொலியில் நள்ளிரவு நிகழ்ச்சி நடத்தும் நகைச்சுவையாளர் இஜூயின் ஹிகாரு, தனக்கு இன்னும் எட்டாம் வகுப்பு நோய் தீரவில்லை என்று தன்னையே கிண்டல் செய்ததில் தொடங்கியது. பிறகு நேயர்களிடமிருந்து நோயின் அறிகுறிகளைக் கேட்டு வாங்கி வாசித்தார். ருசியே பிடிக்காமல் கறுப்புக் காப்பி குடிக்கத் தொடங்குவது, திடீரென மேற்கத்திய இசை மட்டும் கேட்பது, புகழ்பெற்றுவிட்ட இசைக்குழுவைப் பற்றி 'எனக்கு இவர்களை முன்பே தெரியும்' என்று வீம்பு பிடிப்பது, காரணிப்படுத்துதல் வாழ்க்கைக்கு எதற்கு உதவும் என்று ஆசிரியரை மடக்கப் பார்ப்பது, என் அந்தரங்கத்தை மதியுங்கள் என்று அம்மாவிடம் எகிறுவது. எல்லாம் வீட்டுக்கு வீடு நடப்பவை.

ஆனால் அனிமேவில் சூனிப்யோ என்றால் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு 'என் சக்தி விழித்துவிட்டது' என்று கத்துவார்களே?

அது பிற்பாடு சேர்ந்த பொருள். 2 சேனலில் ஒருவர் தன் பள்ளிக்காலத்தைப் பற்றி எழுதிய குறிப்பு புகழ்பெற்றது. தனக்குள் 'ஜாகிகன்' என்ற தீய சக்தியின் கண் இருப்பதாக நடித்து, கையில் கட்டுச்சீலை சுற்றிக்கொண்டு, வகுப்பின் நடுவே கையைப் பிடித்தபடி 'ஐயோ, மறுபடி கட்டுமீறிவிட்டது' என்று முனகுவாராம். அந்தக் குறிப்பு ஊரெல்லாம் சுற்றியதும், காப்பியும் காரணிப்படுத்துதலும் பின்னுக்குப் போய், மாய சக்தி வகையே சூனிப்யோ என்று ஆகிவிட்டது. அனிமேக்காரர்களுக்கும் படம் வரைய அதுதான் வசதி. வாயைச் சுளித்தபடி காப்பி குடிக்கும் பையனை வைத்துச் சண்டைக்காட்சி எடுக்க முடியாதே.

ஏன் குறிப்பாக எட்டாம் வகுப்பு வயது? எங்கும் இப்படித்தானா?

ஜப்பானில் நடுநிலைப்பள்ளி மூன்று ஆண்டுகள். முதலாண்டில் புதிய இடத்தின் பயம், மூன்றாம் ஆண்டில் உயர்நிலைப்பள்ளி நுழைவுத்தேர்வு. நடுவில் இருக்கும் இரண்டாம் ஆண்டில்தான், பதின்மூன்று பதினான்கு வயதில், வெறுமனே இருக்க நேரம் கிடைக்கிறது. நோய் பிடிக்க அதுவே தோது.

வயதின் இயல்பு எல்லா நாட்டுக்கும் பொது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இலேயே இதை எழுதியிருக்கிறார். வளரிளம் பருவத்தினர் தங்களை எப்போதும் ஒரு கூட்டம் பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணுகிறார்கள். அதைக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்றார். கூடவே தன் அனுபவம் உலகில் வேறு யாருக்கும் வாய்க்காதது என்ற நம்பிக்கையும் இருக்கும். கையில் கட்டுச்சீலை சுற்றிய பையனுக்கு இரண்டும் அப்படியே பொருந்துகின்றன.

நான் மறக்காததை மற்றவர்களும் மறந்திருக்க மாட்டார்கள்தானே?

பெரும்பாலும் அவர்கள் கவனித்தே இருக்க மாட்டார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் உடனிருந்தவர்களும் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாடகரின் பெரிய முகம் அச்சிட்ட, போட்டுக்கொள்ளக் கூச்சமான டிஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்த முகத்தைக் கவனித்திருப்பார்கள் என்று டிஷர்ட் போட்டவர்கள் கணித்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப்பேர்தான்.

பிரச்சினை காகிதத்தில் பதிவாகிவிட்டால்தான்.

காகிதமா? யார் வைத்திருக்கப்போகிறார்கள்?

பள்ளியே வைத்திருக்கும், வகுப்பில் படித்த அத்தனை பேரும் வைத்திருப்பார்கள். ஜப்பானியப் பள்ளிகளில் படிப்பு முடியும்போது 'சொத்சுக்யோ புன்ஷூ' என்ற கட்டுரைத் தொகுப்பு அச்சாகும். ஒவ்வொருவரும் எழுத வேண்டும். எதிர்காலக் கனவு என்பது வாடிக்கையான தலைப்பு. ஆகவே உங்கள் குரொரெகிஷியின் ஒரு படி, உங்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் வீட்டு அலமாரியிலும் இருக்கும்.

பேஸ்பால் வீரர் இச்சிரோ ஆறாம் வகுப்பில் எழுதியது நாடறிந்தது. முதல்தரத் தொழில்முறை வீரராவேன், சூனிச்சி டிராகன்ஸ் அல்லது செய்பு லயன்ஸ் அணியில் சேருவேன், ஒப்பந்தத் தொகை பத்துக் கோடி யென்னுக்குமேல் என்று எழுதினார். 1991இல் அவரை எடுத்தது இரண்டு அணிகளும் அல்ல, ஓரிக்ஸ். அதுவும் நான்காம் சுற்றில். ஆனால் அவர் அமெரிக்கா போய்ச் சாதித்து 2025இல் அங்கே பேஸ்பால் புகழ்மண்டபத்திலும் இடம்பெற்றுவிட்டதால் அந்தக் கட்டுரை தீர்க்கதரிசனம். அதே வாக்கியங்களை எழுதிவிட்டு இன்று கணக்கெழுதிக்கொண்டிருப்பவருக்கு அது குரொரெகிஷி. இதில் நியாயம் எதுவும் கிடையாது. பெரிய குற்றம் ஏதாவது நடந்தால், சந்தேகத்துக்குரியவர் பள்ளியில் எழுதியதைத் தேடியெடுத்துத் தொலைக்காட்சியில் வாசிப்பதும் ஜப்பானிய ஊடகங்களின் பழக்கம். அது எனக்கு அறவே பிடிக்காது.

இணையத்தில் எழுதியது? தளமே மூடிவிட்டால் தப்பித்தோமா?

பலர் அப்படித்தான் கொண்டாடினார்கள். மடக்குக் கைப்பேசிக் காலத்தில் பள்ளி மாணவர்கள் தங்கள் சுயவிவரத்தை நிரப்பிவைத்த 'ஜென்ர்யாகு ப்ரொஃபீல்' என்ற தளம் 2016 செப்டம்பரில் மூடியது. சொந்த இணையப் பக்கம் அமைத்துக்கொள்ளும் யாஹூ ஜப்பானின் ஜியோசிட்டீஸ் 2019 மார்ச் 31 அன்று நின்றது. இரண்டு முறையும், என் குரொரெகிஷி ஒழிந்தது என்ற பெருமூச்சும், கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்றால் கடவுச்சொல் நினைவில்லையே என்ற புலம்பலும் சேர்ந்தே எழுந்தன.

ஒருவர் படம்பிடித்து வைத்திருந்தால் தளம் மூடியும் பயனில்லை. அழிக்க முடியாமல் தங்கிவிடுவதை ஜப்பானில் 'டிஜிட்டல் பச்சை' என்கிறார்கள், பச்சை குத்துவதைச் சொல்கிறார்கள். 2013 கோடையில் கடைகளில் பகுதிநேர வேலை பார்த்த இளைஞர்கள் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் படுத்துப் படமெடுத்து ட்விட்டரில் போட்ட சம்பவங்கள் வரிசையாக நடந்தன. வேலை போனது, சில கடைகள் மூடப்பட்டன. இதைக் குரொரெகிஷி என்று சிரித்துக் கடக்க யாரும் விடவில்லை.

அப்படியென்றால் குற்றங்களுக்கு இந்தச் சொல் பொருந்தாதா?

பொருந்தாது. வேறொருவருக்குக் காயம் ஏற்படுத்தியதைக் குரொரெகிஷி என்று சொன்னால் கேட்பவர் முகம் மாறிவிடும். சக மாணவனைக் கொடுமைப்படுத்தியவர் 'அது என் குரொரெகிஷி' என்றால், வருந்துவதற்குப் பதில் தன் கூச்சத்தைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் பொருள். ஒரு நாட்டின் போர்க்குற்றம் போன்றவற்றுக்கு 'ஃபு நோ ரெகிஷி', எதிர்மறை வரலாறு, என்று தனிச்சொல் இருக்கிறது. செய்தித்தாள்களிலும் பேச்சிலும் இப்போது சிலர் கலந்துவிடுகிறார்கள். நீங்கள் கலக்க வேண்டாம்.

கம்பெனிகளுக்குச் சொல்லலாமா?

தாராளமாக. நிண்டெண்டோ 1995இல் வெளியிட்ட 'விர்ச்சுவல் பாய்' என்ற சிவப்புத்திரை விளையாட்டுக் கருவி ஓராண்டுகூடத் தாங்கவில்லை. அதை ரசிகர்கள் அந்நிறுவனத்தின் குரொரெகிஷி என்பார்கள். நீங்கள் வேலை செய்யும் கம்பெனியைப் பற்றி மட்டும் கூட்டத்தில் சொல்லாதீர்கள்.

பழைய மரபுத்தொடர் எதுவும் இல்லையா? மேலாளரிடம் பேசும்போது என்ன சொல்வது?

'வகாகெ நோ இதாரி' இருக்கிறது, இளமை வேகத்தில் செய்தது என்று பொருள். ஆனால் அது மன்னிப்புக் கேட்கும் தொனி. பெரியவர்கள் தங்கள் பழைய குடிவெறியைப் பற்றிச் சொல்வது. கூச்சத்தை மட்டும் சொல்ல 'அனா கா அத்தாரா ஹைரிதாய்', ஒரு குழி இருந்தால் இறங்கிவிடுவேன். பூமி பிளந்து விழுங்கக் கூடாதா என்று நாம் சொல்வதில்லையா, அதேதான்.

மேலாளரிடம் உங்கள் கதையைச் சொல்ல நேர்ந்தால் 'ஒஹாசுகாஷீ ஹனாஷி தெசு கா' என்று தொடங்குங்கள், வெட்கத்தோடு சொல்கிறேன் என்பது போல. அவருடைய பழைய புகைப்படத்தைப் பார்த்து, இது உங்கள் குரொரெகிஷியா என்று மறந்தும் கேட்காதீர்கள். இந்தச் சொல்லைத் தன்னைப் பற்றிச் சொல்லலாம், நெருங்கிய நண்பனைப் பற்றிச் சொல்லலாம். அதற்கு மேல் உரிமை கிடையாது.

கொரிய நாடகங்களிலும் இதே போல ஒரு சொல் கேட்டேன். தற்செயலா?

கடன் வாங்கியது. அதே எழுத்துகளைக் கொரியர்கள் 'ஹுகியோக்ஸா' என்றும் சீனர்கள் 'ஹெய் லிஷி' என்றும் படிக்கிறார்கள். சீனத்தில் நட்சத்திரங்களின் புகழுக்கு முந்தைய படங்களைக் குறித்து அதிகம் புழங்குகிறது. கொரியர்களிடம் கூடுதலாக 'இபுல் கிக்' உண்டு. இரவு படுத்ததும் பழையது நினைவுக்கு வந்து போர்வையை எட்டி உதைப்பது. அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவருக்கு விருதே கொடுக்கலாம்.

பழைய ஓவியத்தைப் போட்டுவிட்டு 'குயோ' என்று எழுதுகிறார்களே, அது என்ன?

குயோ என்பது இறந்தவர்களுக்குச் செய்யும் பௌத்தச் சடங்கு. ஜப்பானில் பொருள்களுக்கும் செய்வார்கள். உடைந்த தையல் ஊசிகளை, இவ்வளவு நாள் கடினமான துணியில் உழைத்ததே என்று, மெத்தென்ற தோஃபு என்ற சோயாக் கட்டியில் குத்திவைத்து வழியனுப்பும் 'ஹரி குயோ' பிப்ரவரி 8 அன்று பல இடங்களில் நடக்கிறது. பழைய பொம்மைகளுக்கும் குயோ உண்டு. தூக்கி எறிய மனம் வராதவற்றை மரியாதையாக முடித்துவைக்கும் வழி அது.

பதினான்கு வயதில் வரைந்த வாள்வீரனைப் பொதுவில் போட்டு 'குயோ' என்று எழுதுபவர் செய்வதும் அதுதான். ஒருமுறை எல்லோரும் பார்த்துச் சிரித்துவிடுங்கள், இதற்குமேல் இது என்னைத் துரத்தக் கூடாது. மூன்றாம் கேள்வியில் பார்த்த, பூட்டிவைக்கும் வழக்கத்துக்கு நேர் எதிரானது. குறிப்பேட்டை எரிப்பதா வைத்திருப்பதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான், ஒரு பக்கத்தையாவது யாரிடமாவது காட்டிவிடுங்கள்.

ஜப்பானிய நண்பர் தன் குரொரெகிஷியை என்னிடம் சொன்னால் என்ன பதில் சொல்ல வேண்டும்?

'வகாரு', புரிகிறது என்று இழுத்துச் சொல்லுங்கள். அவர் சிரித்தால் சிரிக்கலாம், அவருக்கு முன்பே சிரிக்கக் கூடாது. 'பரவாயில்லை, நன்றாகத்தானே இருக்கிறது' என்று ஆறுதல் சொன்னால் பேச்சு செத்துவிடும்; அவர் ஆறுதல் கேட்கவில்லை. அந்தக் குறிப்பேடு இன்னும் இருக்கிறதா என்று கேட்கலாம். காட்டுங்கள் என்று வற்புறுத்தக் கூடாது. அடுத்து உங்கள் முறை. ஒன்றுகூட இல்லை என்று சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஆகவே சின்னதாக ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.